ஒரு கிரவுண்டுக்குள் நுழையும் சட்டம்

சென்னை கே.கே. நகரில் யாரும் மனையை சென்ட் கணக்கில் பேசுவதில்லை. கிரவுண்ட்தான் கணக்கு. ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. சதுர மீட்டரில் 223. இந்த 223-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு வாங்குவோரைக் காப்பதற்காக 2016-இல் நாடாளுமன்றம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. எல்லோரும் அதை ரெரா என்கிறோம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தையும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்தையும் அந்தச் சட்டம் பதிவிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. 500 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்ட். எங்கள் பகுதியில் பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டுகிற சின்ன அடுக்குமாடிகள் ஒரு கிரவுண்டிலோ ஒன்றரை கிரவுண்டிலோ எழுபவை. சொந்த மனையில் தனக்காக வீடு கட்டிக்கொள்பவருக்கும் அவருடைய கான்ட்ராக்டருக்கும் நடுவே ரெரா வருவதே இல்லை. ஆக, இங்கே நடக்கிற வேலையில் பெரும்பகுதி எழும்பூரில் இருக்கும் ரெரா ஆணையத்தின் பார்வைக்கு வெளியேதான் நடக்கிறது. எங்களுக்கு மிஞ்சுவது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், நுகர்வோர் சட்டம், நகரமைப்புச் சட்டம், போலீஸ் ஸ்டேஷன், அதற்கப்புறம் எங்கள் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நான் சிவில் இன்ஜினீயர். ஒரு மூத்த கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்து, பின்பு தனியாகத் தொழில் தொடங்கி, பி.டி. ராஜன் சாலைக்கும் ராஜமன்னார் சாலைக்கும் இடைப்பட்ட தெருக்களிலேயே தலைமுடி நரைத்தவன். வீட்டு வசதி வாரியம் செக்டர் செக்டராகப் பிரித்து எழுபதுகளில் உண்டாக்கிய நகர் இது. ஒற்றை மாடி வீடு, முன்னால் வேப்பமரம், பின்னால் துவைக்கிற கல் என்றிருந்த மனைகளில் இன்று கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட் போட்டு மேலே அடுக்குகள் எழுகின்றன. வீட்டுக்காரர் இரண்டு தெரு தள்ளி இருப்பவர். என் பையனும் அவர் பேரனும் ஒரே பள்ளிக்கூடம். ஐயப்பன் கோயிலில் சாயங்காலம் பார்த்துக்கொள்வோம். இப்படிப் பழகியவரிடம் போய், "சார், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கேட்க நாக்கு கூசும். எங்கள் தொழிலில் சட்டச் சிக்கல் முளைக்கிற இடம் இந்தக் கூச்சம்தான். கோர்ட்டில் அது பெரிதாகிறது, அவ்வளவே.

என்னை வளர்த்த கான்ட்ராக்டர் ஐயாவிடம் அந்தக் கூச்சம் கிடையாது. அவர் பையில் எப்போதும் சைட் ஆர்டர் புத்தகம் ஒன்று இருக்கும். கார்பன் வைத்து மூன்று பிரதி. சமையலறை மேடையை அரை அடி தள்ளச் சொன்னாலும் எழுதுவார்: தேதி, சொன்னவர் பெயர், வேலை, கூடுதல் தொகை, கூடுதல் நாள். வீட்டு அம்மா சொன்னால் அம்மாவிடமே கையெழுத்து வாங்குவார். "இதுக்கெல்லாமா ஐயா?" என்று சிரித்துக்கொண்டே போடுவார்கள். "இன்னிக்கு நாம ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டு இருக்கோம்ல, அதனாலதாம்மா இன்னிக்கே" என்பார். சண்டை வந்த பிறகு நீட்டும் காகிதத்தில் எவரும் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

சதுர அடி ரேட் என்று ஒரே வரியில் பேசி முடித்துவிடுகிறோம். எதன் சதுர அடி? பால்கனியை முழுதாக அளப்பதா, பாதியா? போர்டிகோ? மாடிப்படியின் தலைக்கட்டு? சம்ப், காம்பவுண்ட் சுவர், செப்டிக் டேங்க், மின்வாரிய டெபாசிட் ஆகியவை ரேட்டுக்குள்ளா, வெளியிலா? பத்திரத்தாளில் இரண்டு பக்கம் அடித்த எத்தனையோ ஒப்பந்தங்களில் இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்காது. ஆனால் "முதல் தரமான பொருட்கள்" என்று மட்டும் தவறாமல் எழுதியிருப்பார்கள். எது முதல் தரம் என்று நீதிபதி எப்படி முடிவு செய்வார்? சிமென்ட்டின் பெயர், கம்பியின் பெயர், டைல்ஸின் அடி விலை, குழாய்க்கு இவ்வளவு வரை என்று எழுதினால்தான் அது ஒப்பந்தம்.

கூடுதல் வேலைக்குக் காகிதம் இல்லையென்றாலும் சட்டம் முழுக்கக் கைவிடுவதில்லை. இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அவர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. ஆனால் என்ன வேலை, யார் சொன்னது, எவ்வளவு மதிப்பு என்று நிரூபிக்க வேண்டியவர் கான்ட்ராக்டர். வழக்குச் செலவு, அட்வகேட் கமிஷனர் கட்டணம், மதிப்பீட்டு இன்ஜினீயர் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, நாற்பதாயிரம் ரூபாய் கிரில் வேலைக்காக எவரும் சிட்டி சிவில் கோர்ட் படியேறுவதில்லை. விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட தொகைகளைக் கூட்டினால் சிறிய கான்ட்ராக்டர் ஒருவரின் லாபம் முழுவதும் அதில் போயிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து காலக்கெடு. கடைசி பில்லை வீட்டுக்காரர் நிறுத்திவைப்பது எங்கள் தொழிலில் சகஜம். கிரகப்பிரவேசம் முடியட்டும், பெண் கல்யாணம் முடியட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போகும். பணம் தரும் தேதி ஒப்பந்தத்தில் இல்லையென்றால், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 18-ஆவது இனம் அப்படிச் சொல்கிறது. வாயால் சொன்ன தவணைகளுக்கு மதிப்பில்லை. என் நண்பர் ஒருவர், மிக நேர்மையான வேலைக்காரர், முனுசாமி சாலைப் பக்கம் கட்டிய வீட்டுக்கு ஆறு லட்சத்துக்கு மேல் பாக்கி. மரியாதை கெடக்கூடாது என்று கேட்டுக்கேட்டுப் பொறுத்திருந்தார். வக்கீலிடம் போனபோது மூன்று வருடம் தாண்டிவிட்டிருந்தது. இன்னொருவருக்கும் அதே நிலைமைதான். ஆனால் அவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் பில்லின் பின்பக்கத்தில், "பாக்கி இவ்வளவு, தருகிறேன்" என்று வீட்டுக்காரரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். கெடு முடிவதற்குள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு. அவருக்குப் பணம் வந்தது. கோர்ட்டுக்குப் போகாமலே வந்தது. வீட்டுக்காரரின் வக்கீல் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

தவணை வராதபோது வேலையை நிறுத்தலாமா என்று இளம் கான்ட்ராக்டர்கள் என்னிடம் கேட்பார்கள். நிறுத்தும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன். பேஸ்மென்ட், லின்டல், ரூஃப், பூச்சு, தரை என்று தவணை பிரித்திருக்கும்; தவணை தவறினால் எத்தனை நாள் நோட்டீஸில் நிறுத்தலாம் என்று இருக்காது. அப்படி ஒரு வரி இல்லாமல் ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பினால், "பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டார்" என்று நுகர்வோர் ஆணையத்தில் புகார் வரும். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதன்பின் எந்தக் கொத்து வேலைக் குறையையும் சேவைக் குறைபாடாகக் கொண்டுபோகலாம். கொண்டுபோவது சரி என்றே நினைக்கிறேன். ஒழுகுகிற மொட்டைமாடியோடு வாழ்கிற குடும்பத்துக்கு வேறு வழி என்ன இருக்கிறது? கான்ட்ராக்டர் தரப்புக் காகிதமும் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

விலையேற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2021-இல் கம்பி விலை ஏறியபோது, நிலையான ரேட்டில் கையெழுத்திட்டிருந்த பலர் ரேட்டைக் கூட்டிக் கேட்டார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த ஏஜென்டுகளின் வழக்கில், விலை ஏறிவிட்டது என்பதற்காக ஒப்பந்தத்தின் விலையை மாற்ற முடியாது என்று 1960-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் இன்ன விலைக்கு மேல் போனால் வித்தியாசம் யாருடையது என்று ஒரு வரி முன்கூட்டியே இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2020 மார்ச் ஊரடங்கின்போதும் நாள் தள்ளிப்போனதற்கும் இதே பதில்தான். மழை நின்றதும், எத்தனை நாள் வேலை கெட்டது என்று அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கே.கே. நகரில் வரும் வழக்குகளில் பாதி அங்கிருந்துதான் வருவதாக எனக்குத் தோன்றும். பழைய வீடுகள் செங்கல் சுவரே பாரம் தாங்கும் வீடுகள். அஸ்திவாரம் ஆழமில்லை. நான் தோண்டிய இடங்களில் களிமண் அதிகம். மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். அதை ஒட்டி நாம் ஸ்டில்ட்டுக்கும் சம்ப்புக்கும் பள்ளம் பறிக்கிறோம். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு நிலத்துக்கும் பக்கத்து மண்ணின் தாங்குதல் இயற்கையான உரிமை. அந்த உரிமை மண்ணுக்கு. மேலே நிற்கும் கட்டடத்துக்கு அல்ல. ஆனால் ஒரு கட்டடம் இடையூறின்றி அந்தத் தாங்குதலை உரிமையாக இருபது வருடம் அனுபவித்திருந்தால், அந்தக் கட்டடத்துக்கும் உரிமை உறுதிப்படுகிறது என்கிறது அதன் 15-ஆம் பிரிவு. எழுபதுகளின் வாரிய வீடுகள் இருபது வருடத்தை எப்போதோ தாண்டிவிட்டன. அதனால், என் மனைக்குள்தானே தோண்டினேன் என்கிற வாதம் இங்கே நிற்காது.

ஜே.சி.பி. வருவதற்கு முன்னால் இடது, வலது, பின்புறம் மூன்று வீடுகளுக்குள்ளும் போய் அறை அறையாகப் படம் எடுப்பது என் வழக்கம். வீட்டுக்காரரைக் கூட வைத்துக்கொண்டுதான் எடுப்பேன். ஏற்கெனவே இருக்கும் விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதிவிடுவோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். படங்களின் ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவேன். லட்சுமணசாமி சாலை அருகே ஒரு வேலையில், பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். அஸ்திவார வேலை நடந்தபோது அவர் மகன் பெங்களூரிலிருந்து வந்து, வீடே பிளந்துவிட்டது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இடைக்காலத் தடை கேட்கப்போவதாகவும் அதில் இருந்தது. தடை வந்தால் வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் பலகையும் கட்டிய கம்பியும் மழையில் கிடக்கும். அட்வகேட் கமிஷனர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கும் வரை மாதங்கள் போகும். நான் படங்களை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மா முன்னால் வைத்தேன். சமையலறை விரிசல் முதல் நாள் படத்திலேயே இருந்தது. பின்சுவரில் இருந்தது புதிது, கண்ணாடி உடைந்திருந்தது. "சமையல்கட்டு எங்களோடது, பின்சுவர் உங்களோடது. அப்படித்தானே தம்பி?" என்றார் அவர். ஆமாம் என்றேன். கம்பித் தையல் போட்டு, பூசி, வெள்ளையடித்துக் கொடுத்தோம். கோர்ட் இல்லை. அவர் கையில் அந்தப் படங்கள் இல்லாமலிருந்தால் பின்சுவர் விஷயத்தில் நியாயம் கேட்க அவருக்கும் ஆதாரம் இருந்திருக்காது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: அந்தக் காகிதம் கான்ட்ராக்டருக்கு மட்டும் பாதுகாப்பு அல்ல.

ஜே.வி. எனப்படும் கூட்டு ஏற்பாடு இன்னொரு வகை. மனை அவருடையது, கட்டும் செலவு பில்டருடையது, முடிந்ததும் வீடுகளைப் பங்கு பிரித்துக்கொள்வது. மனைக்காரர் பார்ட்னரா, வாடிக்கையாளரா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. டெல்லி கைலாஷ் காலனியில் இப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றிய ஃபகீர் சந்த் குலாட்டி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், அவர் நுகர்வோரே என்று தீர்ப்பளித்தது. பெயர் கூட்டு முயற்சி என்றிருந்தாலும், வேலையின் மேல் இருவருக்கும் கூட்டு அதிகாரமும் லாபநஷ்டப் பங்கும் இல்லையென்றால் அது கூட்டு முயற்சி ஆகாது. மனைக்காரர்களுக்கு இது பெரிய பலம். அதே சமயம், ரெராவுக்குள் வரும் அளவில் கட்டடம் இருந்தால், கட்டுபவரும் விற்பவரும் வேறுவேறு ஆட்களாக இருந்தாலும் இருவருமே புரொமோட்டர்கள், இருவருக்கும் சேர்த்தே பொறுப்பு. "நான் நிலம்தான் கொடுத்தேன்" என்று மனைக்காரர் ஒதுங்க முடியாது.

எங்கள் பகுதியில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. எழுபதுகளில் ஒதுக்கீடு பெற்றவர்களுக்கு இன்று எண்பது, தொண்ணூறு வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். பெரியவர் பில்டருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்து, பூஜை போட்டு, இரண்டாவது ரூஃப் போடும்போது காலமாகிவிட்டால்? எழுதிக்கொடுத்தவர் இறந்ததும் பவர் செத்துவிடும். அது ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. பவர் பெற்றவருக்கு அந்தச் சொத்தில் உரிமைத் தொடர்பு இருந்தால் மட்டும் 202-ஆம் பிரிவு காப்பாற்றும். பதிவு செய்த கட்டுமான ஒப்பந்தம் இருந்து, பில்டர் பணம் போட்டிருந்து, பவர் அதன் அடிப்படையில் எழுதப்பட்டது என்று அதிலேயே சொல்லியிருந்தால் வாதாட இடம் உண்டு. தனியாக ஒரு பொது பவர் மட்டும் என்றால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திடும் வரை வேலை நிற்கும். அதனால் பிள்ளைகளை ஆரம்பத்திலேயே ஒப்புதல் தரப்பினராகச் சேர்த்துவிடுவது நல்லது. வாரிய ஒதுக்கீட்டு மனைகளில் விற்பனைப் பத்திரம் ஒதுக்கீட்டாளர் பெயரில் முடிந்திருக்கிறதா, குத்தகையுடன்கூடிய விற்பனை ஒப்பந்த நிலையிலேயே நிற்கிறதா என்பதையும் பார்த்த பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும்.

விதிமீறலைப் பற்றி நீட்டமாட்டேன். ஸ்டில்ட்டில் அறை எழுப்புவது, பக்க இடைவெளியில் படிக்கட்டு நுழைப்பது, மேலே ஒரு மாடி கூட்டுவது எல்லாம் வீட்டுக்காரர் ஆசைப்பட்டும் பில்டர் ஒத்துக்கொண்டும் நடப்பவை. 1971-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தில் வேலையை நிறுத்தவும் பூட்டி சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு தரவேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டிருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2500 சதுர அடி வரையான மனையில் 3500 சதுர அடிக்குள் தரைத்தளமோ தரைத்தளத்தோடு ஒரு மாடியோ கட்ட, சுயசான்று கொடுத்து உடனடியாக அனுமதி பெறலாம். ஒரு கிரவுண்ட் மனைக்கு அளவெடுத்துத் தைத்த திட்டம். நான் அதை வரவேற்கிறேன். அனுமதிக்காக அலைந்த காலம் எனக்குத் தெரியும். ஆனால் அதிகாரி வந்து பார்க்காமல் கிடைக்கும் அனுமதியில் முழுப் பொறுப்பும் உறுதிமொழி கொடுத்தவருடையது. அளவு தவறினால் "அப்ரூவல் கொடுத்தார்களே" என்று சொல்ல முடியாது.

2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம். போரூரைத் தாண்டி மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அதில் நிறையப் பேர். அரசு நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். எங்கள் தொழிலில் இருந்த ஒவ்வொருவரையும் அந்த நாட்கள் உலுக்கின. கட்டட நிறுவனத்தாரோடு இன்ஜினீயர்களும் கைதானார்கள் என்ற செய்தி வந்தபோது, வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதன் பொருள் பலருக்கு முதன்முறையாகப் புரிந்தது. அதற்குப் பின் ஒரு கிரவுண்ட் வீட்டுக்குக்கூட மண் பரிசோதனை கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு, "பக்கத்து வீடு நிக்குதுல்ல, அப்புறம் என்ன சார்?" என்பவர்கள்தான் அதிகம்.

என் சைட்டில் இரண்டு ரெஜிஸ்டர்கள் எப்போதும் உண்டு. ஒன்று க்யூப் ரெஜிஸ்டர். இந்தியத் தரக்குறியீடு 456, ஒரு நாள் கான்கிரீட் 16 முதல் 30 கன மீட்டர் வரை என்றால் மூன்று மாதிரிகள் எடுக்கச் சொல்கிறது. ஒரு கிரவுண்ட் வீட்டு ரூஃப் பெரும்பாலும் இந்த அளவில் வரும். ஒரு மாதிரிக்கு மூன்று க்யூப். இருபத்தெட்டாம் நாள் வலிமை எழுத்தில் வரவேண்டும். இன்னொன்று சென்ட்ரிங் பிரிக்கும் ரெஜிஸ்டர். 4.5 மீட்டர் வரை நீளும் ஸ்லாப்பின் கீழ் முட்டுகள் குறைந்தது ஏழு நாள்; அதற்கு மேல் பதினான்கு நாள். பீம் ஆறு மீட்டர் வரை பதினான்கு, அதற்கு மேல் இருபத்தொன்று. முட்டுக்கும் பலகைக்கும் வாடகை தினமும் ஓடும். மேஸ்திரி அவசரப்படுத்துவார், வீட்டுக்காரரும் அவசரப்படுத்துவார். பிரிக்கலாம் என்று யார் எந்தத் தேதியில் சொன்னது என்பது எழுத்தில் இருந்தால் யாரும் ஐந்தாம் நாளில் கைவைக்கத் துணியமாட்டார்கள். விபத்து நடந்தால் போலீஸும் கோர்ட்டும் முதலில் கேட்பது இந்தத் தேதிகளைத்தான்.

கடைசியாகச் சொல்வது எனக்கு மிக முக்கியமானது. நாலைந்து தெரு தள்ளி ஒரு சைட்டில், லிஃப்ட் பள்ளத்தின் ஓரத்தில் பலகை பிரித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தார். அசோக் பில்லர் பக்கத்தில் அவ்வளவு பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. அவருக்கு அட்டை இல்லை. கட்டுமான இடத் தொழிலாளர்களுக்கும் இ.எஸ்.ஐ. உண்டு என்று 2015 ஆகஸ்டில் விதி வந்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்ன சைட்டுகள் அதில் சேர்வதில்லை. அவர் பிழைக்கவில்லை. அவரை அழைத்து வந்த சென்ட்ரிங் மேஸ்திரியின் போன் அன்று மாலையே அணைந்துவிட்டது. ஊரிலிருந்து மனைவி கைக்குழந்தையோடு வந்து சைட் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அவன் மேஸ்திரியோட ஆளு, என் ஆளு இல்ல" என்றார் அந்தக் கான்ட்ராக்டர். சட்டம் அதை ஏற்பதில்லை. தன் தொழிலின் பகுதியை உள்கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்தாலும், அந்த ஆளுக்கு இழப்பீடு தரவேண்டியவர் முதன்மைக் கான்ட்ராக்டரே என்றது 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அவர் மேஸ்திரியிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம், மேஸ்திரி கிடைத்தால். கணக்கு இப்படி: மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். கூலி எவ்வளவு இருந்தாலும் 2020 ஜனவரி அறிவிப்புப்படி உச்சவரம்பு 15,000 ரூபாய். முப்பது வயதுக்குரிய எண் 207.98. பாதிக் கூலி 7,500-ஐ அதனால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு பாதித் தொகை வரை அபராதம். இது போக, அஜாக்கிரதையால் மரணம் என்று போலீஸ் வழக்கு. பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இரண்டு வருடம் வரை இருந்த தண்டனை 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை. 1923 சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பாதிக் கூலியை வயது எண்ணால் பெருக்கும் கணக்கு அப்படியே இருக்கிறது.

அந்தக் கான்ட்ராக்டரிடம் தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி இல்லை. வண்டியை விற்றார், மனைவியின் நகையை வைத்தார், கொடுத்தது பாதிகூட வரவில்லை. அந்தப் பெண் தேனாம்பேட்டைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அலைந்தார். பாலிசி இருந்திருந்தால் அந்தப் பணம் இன்ஷூரன்ஸிலிருந்து அந்தப் பெண்ணுக்கு முழுதாக வந்திருக்கும்.

ஒரு கிரவுண்ட் வீட்டுக்கான தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியின் பிரீமியம் பெரும்பாலும் ஒரு தேக்கு வாசல் கதவின் விலைக்கு உள்ளேதான் அடங்கும். வீடு கட்டப்போகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: கான்ட்ராக்டரிடம் சதுர அடி ரேட் கேட்பதற்கு முன் அந்த பாலிசியின் நகலைக் கேளுங்கள். அதில் உங்கள் மனையின் விலாசம் இருக்கிறதா, உள்கான்ட்ராக்டரின் ஆட்களும் சேர்ந்திருக்கிறார்களா, மருத்துவச் செலவு அடங்குகிறதா, வேலை முடியும் வரை காலம் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். கான்ட்ராக்டர் தோழர்கள் அதன் பிரீமியத்தை எஸ்டிமேட்டில் தனி வரியாகவே காட்டலாம். நான் காட்டுகிறேன், இதுவரை எந்த வீட்டுக்காரரும் அந்த வரியை அடித்ததில்லை. பாலிசி கைக்கு வராமல் பள்ளம் தோண்டாதீர்கள்.